எம்ஆர்ஐ குழாய்க்குள் படுக்கவும் பயம், சத்தத்துக்கும் பயம்: கழுத்து ஸ்கேன் எடுத்தவர்கள் சொல்லுங்களேன்

படிக்கட்டுக்காரி:

வணக்கம். கொஞ்ச நாளாக இடது கை தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப் போகிறது, ராத்திரியில் புரண்டு படுத்தால் கை இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. எலும்பு டாக்டரிடம் காட்டியதில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது, ஆனால் நரம்பு எந்த இடத்தில் அழுந்துகிறது என்று பார்க்க கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சரி, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பிரச்சினை அந்தக் குழாய்.

நான் லிஃப்டில் ஏறாத ஆள். எத்தனை மாடி என்றாலும் படிதான். பஸ்ஸில் கூட்டம் நெருக்கினால் பாதி வழியில் இறங்கிவிடுவேன். வெளியூரில் பாத்ரூம் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகினாலே நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும். இந்த லட்சணத்தில் தலையோடு உள்ளே தள்ளி, ஆடாதே அசையாதே என்றால் என்ன செய்வது? அதோடு எனக்குக் காதில் எப்போதும் கொய்ங் என்று ஓர் இரைச்சல் உண்டு. இஎன்டி டாக்டர் அதோடு பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மெஷின் சத்தத்தில் அது இன்னும் கூடிவிடுமோ என்று வேறு கவலை.

எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டியிருக்கும், நடுவில் முடியவில்லை என்றால் வெளியே விடுவார்களா, வீட்டுக்காரர் கூட இருக்கலாமா, மயக்க ஊசி கேட்டால் கொடுப்பார்களா? எடுத்தவர்கள் தயவுசெய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாது, தைரியமா போங்க" என்று வீட்டிலேயே எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அது வேண்டாம்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் பயணி:

அக்கா, நானும் கழுத்துக்குத்தான் எடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன். மோசமான நேரம் என்றால் டேபிள் உள்ளே நகர்கிற அந்த அரை நிமிடம்தான். படுக்க வைத்து, கழுத்தைச் சுற்றி காயில் என்று ஒரு பிளாஸ்டிக் கூண்டு மாதிரி மாட்டுவார்கள், இரண்டு பக்கமும் தலை ஆடாமல் பஞ்சு வைப்பார்கள். அதை மாட்டும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. அங்கே ஒரு அண்ணன் இருந்தார், அவர் சொன்ன ஒன்று இன்றைக்கும் நினைவிருக்கிறது: "டேபிள் நகர்றதுக்கு முன்னாடியே கண்ணை மூடிருங்க, நான் வெளியே இழுத்தப்புறம் திறங்க." அவ்வளவுதான். கண் அந்த மேல்சுவரைப் பார்க்கவே இல்லை என்றால் மூளைக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாது. நான் கூடுதலாக ஒரு கைக்குட்டையை நாலாக மடித்துக் கண்மேல் போடச் சொன்னேன், போட்டார்கள். நடுவில் கண்ணைத் திறந்து பார்க்கலாமே என்று ஓர் ஆசை வரும். வேண்டாம்.

அப்புறம் நேரம் எப்படிப் போனது என்றால், எனக்கு எழும்பூர் முதல் மதுரை வரை ஸ்டேஷன் எல்லாம் மனப்பாடம். தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் என்று ஒவ்வொன்றிலும் இறங்கி பிளாட்பாரத்தில் என்ன கடை, எந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டே போனேன். விழுப்புரத்தில் சத்தம் ஒரு மாதிரி, விருத்தாசலத்தில் வேறு மாதிரி. திண்டுக்கல் தாண்டிக் கொடைரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது, சோழவந்தான் பார்க்கக் கிடைக்கவில்லை. நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல், கோலம், சொந்தக்காரர்கள் பெயர், எதுவானாலும் வரிசை இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சும்மா "நல்லதை நினை" என்றால் மனசு நேராகப் பயத்துக்கே போகும்.

ஹெட்போனில் பாட்டுப் போடுகிறோம் என்பார்கள். நம்பாதீர்கள். சத்தம் ஆரம்பித்ததும் பாட்டு எங்கே போகிறது என்றே தெரியாது.

எக்ஸ்ரே தம்பி:

நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், தினமும் இதே வேலை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் குழாய். பழைய மெஷின்களில் வாய் 60 செ.மீ. அகலம், இப்போது வருகிற வைட் போர் மெஷின்களில் 70 செ.மீ. பத்து செ.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், படுத்துப் பார்த்தால்தான் தெரியும், மூக்குக்கு மேலே இருக்கிற இடம் கூடுகிறது. நேரம் வாங்கும்போதே "உங்களிடம் வைட் போர் இருக்கிறதா" என்று கேளுங்கள். குழாயின் நீளம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரிலிருந்து 1.7 மீட்டர் வரைதான், இரண்டு பக்கமும் திறந்திருக்கும். கழுத்து நடுவில் வர வேண்டும் என்பதால் உங்கள் தலைக்கு மேல் பக்கத்தில் கொஞ்ச தூரத்திலேயே மறு வாய் வந்துவிடும், கால் பக்கம் முழங்காலுக்குக் கீழே வெளியேதான் கிடக்கும். உள்ளே விளக்கு உண்டு, ஃபேன் உண்டு. ஃபேனைக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள், முகத்தில் காற்று படுவது நிறைய பேருக்கு உதவுகிறது. ஏசி குளிர்கிறது என்றால் காலுக்குப் போர்வை தருவோம்.

கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம், பிபி பார்க்கிற கருவியில் இருப்பது போல. அதை அமுக்கினால் எங்கள் அறையில் பஸ்ஸர் அடிக்கும், ஸ்கேனை நிறுத்திவிட்டு வருவோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாங்கள் உங்களையே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், மைக்கில் பேசவும் முடியும். உள்ளே போவதற்கு முன்னால் ஒருமுறை அமுக்கிப் பார்த்து, எங்களுக்குக் கேட்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இப்போது சத்தம். அந்தப் பெரிய காந்தம் தானாகச் சத்தம் போடாது. திரவ ஹீலியத்தில் சுமார் மைனஸ் 269 டிகிரியில் குளிர்ந்தபடி அது ராத்திரி பகலாக வேலை செய்துகொண்டே இருக்கிறது. அறைக்குள் நுழைந்ததும் ஒரே தாளத்தில் சிக், சிக் என்று கேட்பது அந்தக் குளிரூட்டும் பம்ப், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஸ்கேனின்போது வருகிற பெரிய சத்தம் கிரேடியன்ட் காயில்களுடையது, அதாவது மெஷினுக்குள்ளேயே இருக்கிற கம்பிச் சுருள்கள், கழுத்தில் மாட்டுகிற காயில் வேறு. பலமான காந்தப்புலத்துக்குள் அந்தக் காயில்களில் மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை மாற்றி மாற்றி விடுகிறோம், ஒவ்வொரு முறையும் காயில் ஓர் உதறு உதறுகிறது, அந்த அதிர்வுதான் டக் டக், டுர்ர்ர், பீம் பீம் என்று கேட்கிறது. ஸ்பீக்கர் வேலை செய்கிற அதே விஷயம்தான். மெஷின் எதுவும் உடையவில்லை, கழன்று விழப்போவதுமில்லை. டேபிள்கூட லேசாக அதிரும்.

கழுத்துக்கு என்றால் முதலில் சில நொடிகளுக்கு ஒரு சின்னச் சத்தம் வரும், அது எந்த இடத்தில் படம் எடுப்பது என்று நாங்கள் குறித்துக்கொள்வதற்கு. அப்புறம் ஒரு மௌனம். "முடிந்துவிட்டதா, என்னை மறந்துவிட்டார்களா" என்று பாதிப் பேர் பதறுவது இந்த மௌனத்தில்தான், சத்தத்தில் இல்லை. நாங்கள் அப்போது கணினியில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து நிமிடம் வரை ஓடுகிற படத் தொகுப்புகள் நாலைந்து வரும், ஒவ்வொன்றுக்கும் சத்தம் வேறு, நடுவில் இடைவெளி உண்டு. மொத்தம் இருபது நிமிடம், கூடினால் அரை மணி. மருந்து ஏற்றி எடுக்கச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் "இது மூன்று நிமிடம்" என்று மைக்கில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்காமலே சொல்வேன், எல்லோரும் சொல்வதில்லை.

கழுத்து ஸ்கேனில் யாரும் சொல்லாத ஒன்று: எச்சில் விழுங்கினால் படம் மங்கும். அடக்க வேண்டும் என்று நினைத்தால் வாயில் எச்சில் இன்னும் ஊறும், அதிலேயே ஒரு பதற்றம் வரும். சத்தம் நிற்கிற இடைவெளிகளில் நன்றாக விழுங்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்றிரண்டு முறை தவிர்க்க முடியாமல் விழுங்கினாலும் குடி முழுகிவிடாது, தேவைப்பட்டால் அந்த ஒரு தொகுப்பை மட்டும் திரும்ப எடுப்போம்.

காது விஷயம். பாதுகாப்பு இல்லாமல் கேட்டால் இந்தச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது, அதனால் காதை மூடாமல் ஸ்கேன் கிடையாது. உங்களுக்கு ஏற்கெனவே இரைச்சல் இருப்பதால் ஹெட்போன் மட்டும் போதாது, உள்ளே ஸ்பாஞ்ச் இயர் பிளக், அதற்கு மேல் ஹெட்போன் என்று இரண்டும் கேளுங்கள். கழுத்துக் காயிலுக்குள் ஹெட்போன் நுழையாத மெஷின்களும் உண்டு, அப்போது பிளக்தான் முழுப் பாதுகாப்பு, அதனால் அதைச் சரியாக வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் பஞ்சை உருட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிளக்கை விரலில் வைத்து திரி மாதிரி மெல்லியதாக உருட்டுங்கள், மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள், அது ஊதிப் பெருகும் வரை விரலை எடுக்காதீர்கள். சரியாக வைத்தால் உங்கள் குரலே உங்களுக்கு மண்டைக்குள் கேட்கும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது காதில் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். மருந்துக் கடையில் வாங்கி வீட்டிலேயே வைத்துப் பழகிக்கொண்டு வாருங்கள். காந்த சக்தியை டெஸ்லா என்ற அளவில் சொல்வார்கள், 1.5 டெஸ்லா மெஷின் பொதுவாக 3 டெஸ்லாவைவிடச் சத்தம் குறைவு, கழுத்துக்கு 1.5 தாராளமாகப் போதும். இரைச்சல் இருப்பதை டாக்டரிடமும் எங்களிடமும் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரர் கூட இருக்கலாம். உலோகம் எதுவும் இல்லை என்று அவரையும் சோதித்து, அவருக்கும் காதில் பிளக் வைத்து, கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆட்டக்கூடாது, அவ்வளவுதான்.

சுக்குக்காப்பி:

மேலே எழுதிய இரண்டு பேரும் சொன்னது எல்லோருக்கும் வேலை செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம், எனக்குச் செய்யவில்லை. கண்ணை மூடினேன், எண்ணினேன், மூச்சை மெதுவாக விட்டேன், எல்லாம் செய்தும் பாதியில் பந்தை அமுக்கி வெளியே வந்துவிட்டேன். அங்கிருந்தவர் "சின்னக் குழந்தைகூட எடுத்துட்டுப் போகுதும்மா" என்றார். வந்த கோபத்துக்கு அளவில்லை. பயந்து போனவளிடம் சொல்கிற பேச்சா அது?

அப்புறம் டாக்டரிடமே திரும்பப் போய்ச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் பதற்றம் குறைய ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, எந்த நேரத்தில் போட வேண்டும் என்றும் சொன்னார். வேறொரு சென்டரில் எடுத்தேன். தூங்கவில்லை, ஆனால் சத்தம் யாருக்கோ நடக்கிற மாதிரி தூரத்தில் இருந்தது. மாத்திரை போட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த தூக்க மாத்திரை என்று எதையாவது வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். குறட்டை அதிகம், தூக்கத்தில் மூச்சு தடைபடும், வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். இதற்கும் மேலே மயக்கம் கொடுத்து எடுப்பதும் உண்டு, அதற்கு மயக்க டாக்டர் கூட இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள், எல்லா ஸ்கேன் சென்டரிலும் அந்த வசதி இருக்காது. அதனால்தான் நேரம் வாங்கும்போதே கேட்கச் சொல்கிறேன், படுத்த பிறகு கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

வெட்டவெளி:

ஓப்பன் எம்ஆர்ஐ என்று பக்கவாட்டில் திறந்த மெஷின் இருக்கிறதே, அதில் எடுத்தால் போகிறது, எதற்கு இவ்வளவு பாடு?

எக்ஸ்ரே தம்பி:

@வெட்டவெளி, இருக்கிறது, ஆனால் ஊருக்கு ஊர் கிடையாது. அதோடு வழக்கமாக இருக்கிற ஓப்பன் மெஷின்களில் காந்த சக்தி குறைவு, படத்தில் நுணுக்கம் குறையும், நேரமும் கூடும். முட்டிக்கு ஓரளவு ஒப்பேற்றலாம். நரம்பு வேர் எங்கே அழுந்துகிறது என்று பார்க்க வேண்டிய கழுத்துக்கு, அங்கே எடுத்துவிட்டு மறுபடி இங்கே வந்து எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு வழியே இல்லை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

படிக்கட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கட்டிலுக்கு அடியில் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்துப் பார்த்தேன், மகன் செல்லில் எம்ஆர்ஐ சத்தத்தைப் போட்டுவிட்டான். முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் கொஞ்சம் படபடப்பு, எழுந்து ஓடவில்லை. வைட் போர் இருக்கிற இடத்தில் நேரம் வாங்கிவிட்டோம், டாக்டரிடம் மாத்திரையும் கேட்கப் போகிறேன்.

தம்பி, ஒரு சந்தேகம். தாலியைக் கட்டாயம் கழற்ற வேண்டுமா? மாமியார் முகம் சுளிக்கிறார். தங்கம் காந்தத்தில் ஒட்டாதே என்கிறார். மெட்டி வேறு விரலில் இறுகிப் போயிருக்கிறது.

எக்ஸ்ரே தம்பி:

உங்கள் மாமியார் சொல்வது சரிதான், தங்கமும் வெள்ளியும் ஒட்டாது. ஆனால் சங்கிலிக் கொக்கிக்குள் எஃகு ஸ்பிரிங் இருக்கலாம், சங்கிலியே சூடாகலாம், அதோடு எடுக்கிற இடமே கழுத்து, படத்தில் அந்த இடம் கறுப்பாக அடித்துவிடும். நிறைய பேர் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், எங்களுக்கும் தொந்தரவு இல்லை, மாமியாருக்கும் சமாதானம். தாலிச் சங்கிலியில் ஊக்கு கோர்த்து வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு உண்மையான பயம், அது இரும்பு. ஹேர்பின், தாயத்து, காது மிஷின், செல், ஏடிஎம் கார்டு எதுவும் உள்ளே வரக்கூடாது, வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஒருவர் உயிரே போயிற்று, அதனால்தான் வாசலில் அத்தனை முறை கேட்கிறோம், கடுப்பாக வேண்டாம். உடம்புக்குள் பேஸ்மேக்கர், கிளிப், பிளேட் ஏதாவது வைத்திருந்தால் நேரம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

மெட்டியை முந்தின நாள் ராத்திரியே சோப்புத் தண்ணீரிலோ தேங்காய் எண்ணெயிலோ வழுக்கிக் கழற்றிவிடுங்கள். காலையில் சென்டர் வாசலில் உட்கார்ந்து இழுத்தால் விரல் வீங்கி இன்னும் மாட்டிக்கொள்ளும்.