குலசையில் இப்போது மனை வாங்கலாமா?

அல்சூர்வாசி:
போன வாரம் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு ஓட்டலில் மனை விற்பனை முகாம் நடந்தது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசைக்கு, அதாவது குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் பிளாட் போட்டிருக்கிறார்களாம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வருகிறது, இப்போது விட்டால் பிறகு தொடவே முடியாது என்கிறார்கள். பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது மனை வாங்க எங்களுக்கு வழியில்லை. ஊர்ப் பக்கமாவது ஒன்று இருக்கட்டும் என்று வீட்டில் பேச்சு. அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்.

திருச்செந்தூரான்:
தயங்காமல் வாங்குங்கள் அண்ணாச்சி. 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதைக்கு, ஏவினால் இலங்கை மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல். எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம், அதனால் இது பாதியில் நிற்கிற திட்டம் இல்லை. 2025-இல் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் புது முனையம் வந்தது, வின்ஃபாஸ்ட் கார் ஆலையும் திறந்தாயிற்று. தென்மாவட்டத்துக்கு இப்படி ஒரு காலம் வந்ததில்லை.

தேரிமணல்:
திட்டம் உண்மைதான், எங்கள் ஊருக்கு வருவதில் எனக்கும் பெருமை. ஆனால் ராக்கெட் தளம் வந்தால் வீட்டு மனைக்கு ஏன் விலை ஏற வேண்டும்? ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ஏவுகிறார்கள். பக்கத்து ஊரான சூலூர்ப்பேட்டைக்குச் சென்னையிலிருந்து ரயில் வசதியும் இருக்கிறது. அரை நூற்றாண்டு கழிந்தும் அது சிறு நகரம்தான். ஏவுதளத்தைச் சுற்றி ஆள் நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால்தான் இப்படிப்பட்ட இடத்தைத் தேடுகிறார்கள். வேலைக்கு வருபவர்களுக்கு இஸ்ரோவே குடியிருப்பு கட்டிக்கொடுக்கும், அங்கே அப்படித்தான்.

திருச்செந்தூரான்:
அன்று விண்வெளி என்றால் அரசு மட்டும். 2020-க்குப் பிறகு தனியாருக்கும் கதவு திறந்துவிட்டது. தமிழ்நாடு அரசின் 2025 விண்வெளித் தொழில் கொள்கையில் ஐந்து ஆண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு இலக்கு. தொழிற்சாலை வந்தால் ஆள் வருவார்கள், வாடகை வரும். ஓசூர் எப்படி வளர்ந்தது என்று பெங்களூரில் இருக்கிற நமக்குத் தெரியாதா?

தேரிமணல்:
ஓசூருக்குப் பக்கத்தில் பெங்களூர் இருந்தது தம்பி. குலசைக்குப் பக்கத்தில் அப்படி எந்த ஊர் இருக்கிறது? இன்னொன்று, தொழிலுக்காக மேலும் நிலம் எடுத்தால் உங்கள் மனையும் அதில் போகலாம். 2013 நிலமெடுப்புச் சட்டப்படி இழப்பீடு, வழிகாட்டி மதிப்பையும் (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) அந்த வட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களையும் வைத்துத்தான் கணக்காகும். பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அந்த ரொக்கம் போனது போனதுதான்.

அப்புறம் தண்ணீர். உடன்குடி வட்டாரத்தில் கடல்நீர் உள்ளே ஏறி நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. பனை தாங்கும், வீடு தாங்காது. தேரி என்கிற மணல்மேடுகளின் செம்மணல் வேறு ஆடிக் காற்றில் இடம் மாறும். நட்ட எல்லைக்கல் மணலுக்குள் போய்விட்டால் இங்கிருந்து யார் போய்த் தேடுவது? இதையெல்லாம் எந்த புரோக்கரும் ஓட்டல் அறையில் சொல்ல மாட்டார்.

பத்திர ஆபீஸ்:
விலைச் சண்டை இருக்கட்டும், முதலில் காகிதத்தைப் பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த அங்கீகார எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லா மனைகள் அப்படிப்பட்ட மனைகளைப் பின்னால் முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்துக்குள்ளும் வராது. கடல் தெரிகிற மனை என்றால் இன்னும் கவனம்: ஊர்ப்புறக் கடற்கரையில் பெரும்பாலும் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் தொடுகிற எல்லை) 200 மீட்டர் வரை புது வீடு கட்ட முடியாது. அந்தப் பக்கம் பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவும் அதிகம். பங்காளிகளில் ஒருவர் மும்பையில் இருப்பார், அவர் கையெழுத்து விட்டுப்போனால் வழக்குதான். மூலப் பத்திரமும் முப்பது வருட வில்லங்கமும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திருச்செந்தூரான்:
காகிதம் பார்ப்பதை யார் வேண்டாம் என்றார்கள்? சரியான அங்கீகாரத்தோடு நல்ல மனைகளும் அங்கே இருக்கின்றன. நம் ஊர் வளரவே வளராது என்று நாமே பேசினால் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டுவிடுவார்கள். பிறகு நாம்தான் அவர்களிடம் வாடகைக்கு இருக்க வேண்டும்.

தேரிமணல்:
வளரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் வாங்குகிறவருக்கு அடுத்து வாங்க ஓர் ஆள் வேண்டும். அல்சூர்வாசி, அந்த லேஅவுட்டில் முன்பே வாங்கியவர்கள் யாராவது அதே விலைக்கு விற்றிருக்கிறார்களா? அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். விற்பவர் சொல்கிற விலை வேறு, விற்ற விலை வேறு.

அல்சூர்வாசி:
டிடிசிபி எண்ணும் ரெரா எண்ணும் கேட்டேன். "முதலில் டோக்கன் போடுங்கள், பிறகு அனுப்புகிறோம்" என்றார்கள். எண் வராமல் டோக்கன் இல்லை என்று சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரங்களையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.