சால்வர் தீர்ப்பதைவிட மாதிரியை உருவாக்கவே அதிக நேரம் ஆகிறது, எப்படிக் குறைப்பது?

கேள்வி

வணக்கம். கிடங்குகளிலிருந்து கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதற்கான வாராந்திரத் திட்டத்தை நேரியல் உகப்பாக்க மாதிரியாக (மாறிகளும் கட்டுப்பாடுகளும் கொண்டு உகந்த விடையைத் தேடும் கணக்கு), பைத்தானில் பியோமோ என்ற மாதிரி எழுதும் நூலகம் கொண்டு எழுதி, அதைத் தீர்க்கும் மென்பொருளான ஹைஸ் சால்வருக்குக் கொடுக்கிறேன். மொத்தம் 30 கிடங்குகள், 2,000 கடைகள், 150 பொருட்கள், 12 வாரங்கள். ஆனால் ஒரு கடைக்குச் சரக்கு அனுப்பத் தகுதியுள்ள கிடங்குகள் மூன்றுதான். ஒரு கடை விற்கும் பொருட்களும் சுமார் நாற்பதுதான். ஆகவே நான்கு லூப்களுக்குள் ஓர் ‘இஃப்’ நிபந்தனை வைத்து, பொருந்தாத சேர்க்கைகளைத் தவிர்க்கிறேன். தேவை அளவு, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றைப் பாண்டாஸ் (அட்டவணைத் தரவுக்கான பைத்தான் நூலகம்) அட்டவணையிலிருந்து ‘லோக்’ என்ற தேடும் கட்டளை மூலம் அவ்வப்போது எடுத்துக்கொள்கிறேன்.

சால்வர் சில நிமிடங்களில் விடை தந்துவிடுகிறது. மாதிரி உருவாகி முடியவோ ஒரு மணி நேரம் வரை ஆகிறது. ஜூலியா மொழியில் இதே வேலையைச் செய்யும் ஜம்ப் நூலகத்துக்கோ சி பிளஸ் பிளஸுக்கோ மாறுவதுதான் வழியா?

முதல் பதில்

மொழியை மாற்றுவதற்கு முன், எந்தப் படிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத் தனித்தனியே அளந்து பாருங்கள்: தரவைப் படிப்பது, மாறிகளை உருவாக்குவது, கட்டுப்பாடுகளை உருவாக்குவது, கோப்பாக எழுதுவது, அதைச் சால்வர் படிப்பது. பைத்தானின் நேரம் அளக்கும் கருவியான சிபுரொஃபைல் இதற்குப் போதும்.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். நான்கு லூப்களும் சேர்ந்து சுற்றும் சேர்க்கைகள் 10 கோடியே 80 லட்சம். உண்மையில் இருக்க வேண்டிய மாறிகளோ 28,80,000 மட்டுமே. ‘இஃப்’ நிபந்தனை மாறியை உருவாக்காமல் தடுக்கிறதே தவிர, அந்தச் சேர்க்கையைச் சென்று பார்ப்பதைத் தடுப்பதில்லை. கிடங்குக் கொள்ளளவுக் கட்டுப்பாட்டையும் இதே முறையில் எழுதியிருந்தால், அந்த 10 கோடிச் சேர்க்கைகளை இரண்டாம் முறையும் சுற்றுகிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ‘லோக்’ அழைக்கப்படுவது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது, ஏனெனில் ஒற்றை மதிப்பை எடுக்கும்போது அது சாதாரண டிக்‌ஷனரியைவிடப் பல மடங்கு மெதுவானது.

ஆகவே வழித்தட அட்டவணையையும் கடைவாரிப் பொருள் அட்டவணையையும் கடை எண்ணின் அடிப்படையில் ‘மெர்ஜ்’ செய்து (ஒன்றாக இணைத்து), வாரங்களோடு பெருக்கி, செல்லுபடியாகும் சேர்க்கைகளின் பட்டியலை முதலிலேயே தயாரித்துவிடுங்கள். அந்தப் பட்டியலை ஒரே ஒரு முறை சுற்றி இரண்டு டிக்‌ஷனரிகளை நிரப்புங்கள். ஒன்று, கடை, பொருள், வாரம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் கிடங்குகளைத் தர வேண்டும். மற்றொன்று, கிடங்கையும் வாரத்தையும் கொடுத்தால் கடை, பொருள் இணைகளைத் தர வேண்டும். அதன்பின் எந்தக் கூட்டலிலும் ‘இஃப்’ தேவைப்படாது.

ஜம்ப்புக்கு மாறினாலும் இதே சிக்கல் உங்களைத் தொடரும். கூட்டலுக்குள் ‘இஃப்’ வைப்பதால் வரும் தாமதத்தைப் பற்றி அதன் ஆவணத்திலேயே தனிப் பாடம் இருக்கிறது. 2023-இல் உகப்பாக்க மென்பொருள் தயாரிக்கும் கேம்ஸ் நிறுவனம் பல கருவிகளின் மாதிரி உருவாக்க வேகத்தை ஒப்பிட்டு வெளியிட்டபோது, ஜம்ப் உருவாக்குநர்கள் அதே கணக்கை அட்டவணை இணைப்புகளாக மாற்றி எழுதி, தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் எழுதிய முறைதான் என்பதைக் காட்டினார்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது பாதித் தூரம்தான். பியோமோவில் ஒவ்வொரு மாறியும் ஒரு பைத்தான் ஆப்ஜெக்ட், ஒவ்வொரு கட்டுப்பாடும் ஒரு கோவை மரம் (கணிதக் கோவையை மர வடிவில் சேமித்த அமைப்பு). லட்சக்கணக்கில் அவற்றை உருவாக்கி, உரைக் கோப்பாக எழுதி, சால்வர் அதை மீண்டும் படித்து அணியாக (மேட்ரிக்ஸ்) மாற்றுவது, ஏற்கெனவே அட்டவணையாக இருந்த தரவைச் சுற்றிவளைத்து மறுபடி அட்டவணையாக்கும் வேலைதான்.

உங்கள் ‘மெர்ஜ்’ அட்டவணையின் வரிசை எண்ணையே மாறியின் நெடுவரிசை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கடை, பொருள், வாரம் என்று ‘குரூப்பை’ செய்து (குழுக்களாகப் பிரித்து), குழுக்களுக்கு எண் இடும் ‘என்குரூப்’ கொடுத்தால் கட்டுப்பாட்டின் எண் கிடைத்துவிடும். வரிசை, நெடுவரிசை, கெழு என்ற மூன்று நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) எண் பட்டியல்களை, சைபை என்ற அறிவியல் கணக்கு நூலகத்தின் ஸ்பார்ஸ் அணியாக (பூச்சியமல்லாத எண்களை மட்டும் சேமிக்கும் அணி) மாற்றி, ஹைஸ் சால்வரின் பைத்தான் இடைமுகத்துக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாம். கடைசி வரை ஒரு பைத்தான் லூப்கூட இராது. குரோபி என்ற வணிகச் சால்வரை வைத்திருப்போருக்கு 9.0 பதிப்பு முதல் இதே வசதி அதன் அணி இடைமுகத்தில் கிடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஒரே இடத்துக்கு இரண்டு கெழுக்கள் வந்தால், சிஎஸ்ஆர் என்ற ஸ்பார்ஸ் சேமிப்பு வடிவத்துக்கு மாற்றும்போது சைபை அவற்றைச் சத்தமில்லாமல் கூட்டிவிடும். ‘மெர்ஜ்’ செய்யும் அட்டவணை ஒன்றில் திறவுகோல் இரட்டித்திருந்தால் தவறான மாதிரி பிழைச் செய்தி ஏதுமின்றித் தீர்ந்துவிடும். ‘மெர்ஜ்’ கட்டளையிலேயே, இந்த இரட்டிப்பைச் சோதிக்கும் ‘வேலிடேட்’ கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. சேர்க்கைப் பட்டியலை முன்கூட்டியே தயாரித்ததும், மாறிகளும் கட்டுப்பாடுகளும் உருவாகும் நேரம் சில நிமிடங்களாகக் குறைந்துவிட்டது. இப்போது கோப்பு எழுதுவதுதான் பெரிய பங்கு. அணி முறை கவர்ச்சியாக இருந்தாலும், என் குழுவினர் கட்டுப்பாடுகளைப் படித்துத் திருத்த வேண்டியிருப்பதால் தயங்குகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தேவை அளவை மட்டும் மாற்றி இதே மாதிரியை அன்றாடம் பல முறை ஓட்டுகிறோம்.

மூன்றாம் பதில்

இந்தக் கடைசி வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் உரையாடல் வேறு திசையில் போயிருக்கும். தேவை அளவு கட்டுப்பாட்டின் வலப்புறத்தில் மட்டும் வருவதால், அணி மாறவே இல்லை. அப்படியிருக்க, ஒவ்வொரு முறையும் மாதிரியைப் புதிதாக ஏன் உருவாக்க வேண்டும்?

பியோமோவின் ஆப்சி இடைமுகம் ஹைஸ் சால்வரை நினைவகத்திலேயே திறந்து வைத்திருக்கும். கோப்பு எழுதும் படியே நீங்கிவிடும். தேவையை மாறக்கூடிய அளவுருவாக, அதாவது ‘மியூட்டபிள்’ என்று அறிவித்து, மதிப்பை மட்டும் மாற்றி மறுபடி தீர்க்கச் சொல்லுங்கள். செலவு, கொள்ளளவு முதலிய எல்லாவற்றையும் அவ்வாறு அறிவித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஜெக்ட் உருவாகி, மாதிரி உருவாக்கம் மீண்டும் மெதுவாகும்.

தீர்க்கும் நேரத்திலும் இதனால் ஆதாயம் உண்டு. வலப்புறம் மட்டும் மாறும்போது முந்தைய உகந்த அடித்தளம் (பேசிஸ், அதாவது விடையைத் தீர்மானிக்கும் மாறிகளின் தொகுதி) இருமக் (டூயல்) கணக்குக்குத் தொடர்ந்து ஏற்புடையதாகவே இருப்பதால், இரும சிம்ப்ளெக்ஸ் என்ற தீர்வு முறை அங்கிருந்தே தொடங்கலாம். லாரி எண்ணிக்கையை முழு எண்ணாகச் சேர்த்துவிட்டால் இந்த வசதி அப்படியே பொருந்தாது.

அணி முறையைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்: ஐந்து கடைகள், இரண்டு வாரங்கள் கொண்ட சிறு தரவுக்குப் பியோமோ வடிவமும் அணி வடிவமும் ஒரே இலக்கு மதிப்பைத் தருகின்றனவா என்று ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்பும் தானாகச் சோதிக்கும்படி அமைத்துவிட்டால், குழுவினர் பியோமோவைப் படிப்பார்கள், உற்பத்திச் சூழலில் அணி ஓடும். ஆனால் ஆப்சியே போதுமான வேகத்தைத் தந்துவிட்டால், இந்த இரட்டை வேலையில் இறங்காதீர்கள்.