குவாத்தமாலாவில் ஒன்பது நாள் மருத்துவ முகாம்: போகலாமா, கூடாதா?

கயல், நியூஜெர்சி

பத்தொன்பது வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். வரும் பிப்ரவரியில் மூன்றாவது முறையாக, மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலாவுக்கு மருத்துவ முகாம் போகிறேன். போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் இதைச் சொன்னதும் ஒரு தம்பி, "ஏழைகளைப் பார்க்கப் போகும் சுற்றுலாதானே அக்கா அது" என்றார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் குழுவில் முப்பது பேர். டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் அவரவர் பணம். விடுப்பும் அவரவர் விடுப்பு. அத்தித்லான் ஏரிக்கு மேலே ஒரு மலையூரில் சின்ன ஆஸ்பத்திரி. போக வர மூன்று நாள் போக, ஆறு நாள் அறுவை சிகிச்சை. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை இறக்கம், பெரும்பாலும் இவைதான்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். கர்ப்பப்பை இறங்கிப் பதினோரு வருடம். துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு அந்தப் பதினோரு வருடமும் விறகு சுமந்திருக்கிறார். அங்கே சுமையைத் தலையில் வைப்பதில்லை. மெகபால் என்று ஒரு தோல் பட்டை, அதை நெற்றியில் கொடுத்து சுமையை முதுகில் தொங்கவிடுவார்கள். தியேட்டர் தொப்பியை நான் மாட்டிவிடும்போது அந்தப் பட்டை அழுத்திய பள்ளம் என் விரலில் தட்டுப்பட்டது. இரண்டு மணி நேர ஆபரேஷன். பதினோரு வருட வேதனை அதோடு தீர்ந்தது. அந்த அம்மாவுக்கு நாங்கள் செய்ததில் என்ன தவறு? நேரடியாகச் சொல்லுங்கள்.

நிலவன்

அக்கா, அந்த அம்மாவுக்குச் செய்ததில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

இருபது வயதில், மருத்துவக் கல்லூரியில் சேரும் முன்னால், டெக்சாஸிலிருந்து ஒரு குழுவோடு ஹோண்டுராஸ் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். எட்டு வயதுப் பையன் ஒருவன் நெற்றி கிழிந்து வந்தான். "நீ போடு, கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு" என்று ஊசியை என் கையில் கொடுத்தார்கள். அதுவரை நான் தையல் போட்டதெல்லாம் வாழைப்பழத் தோலில்தான். நான்கு தையல். மூன்றாவதைப் பிரித்து மறுபடி போட்டேன். பையன் அழவில்லை, அவன் அம்மாதான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் மாணவன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டெக்சாஸில் அதே பையன் வந்திருந்தால் என்னை அந்த அறைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். அவன் ஏழை, அவன் ஊரில் கேட்க ஆளில்லை, அதனால் அனுமதி கிடைத்தது. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய கட்டுரையும் என் கல்லூரி விண்ணப்பத்தில் போனது. இன்று நான் டாக்டர். அந்தத் தழும்பு அவன் நெற்றியில் இருக்கிறது.

குவாத்தமாலாவில் இது இன்னும் கனமான விஷயம். 1946 முதல் 1948 வரை அமெரிக்க அரசின் மருத்துவர்களே அங்கே கைதிகளுக்கும் சிப்பாய்களுக்கும் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களுக்கும் சம்மதம் கேட்காமல் சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமியை ஏற்றி ஆராய்ச்சி செய்தார்கள். ஒபாமா 2010-ல் மன்னிப்புக் கேட்டார். அப்படிப்பட்ட ஊரில் "கேட்டுச் செய்தோமா" என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

கயல், நியூஜெர்சி

நிலவன், நீங்கள் சொன்னது படித்து மனது கஷ்டமாகிவிட்டது. எங்கள் குழுவில் மாணவர்கள் கத்தியையோ ஊசியையோ தொடுவதில்லை. ஒவ்வொரு டாக்டரின் சான்றிதழையும் மாதக்கணக்கில் முன்பே அனுப்பி அனுமதி வாங்குகிறோம். எல்லாக் குழுவையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்.

மலையடிவாரம் (தேனி)

தேனி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்த டாக்டர் நான். கயல் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆபரேஷன் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் குழுவில் வெளிநோயாளிப் பிரிவு உண்டா? பிரஷர் மாத்திரை கொடுக்கிறீர்களா? எத்தனை நாளைக்கு?

ஏன் கேட்கிறேன் என்றால், பிரஷர் மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டு நிறுத்துவதற்கானது இல்லை. மாதாமாதம் யாராவது அந்த வீட்டுக்கு மாத்திரையோடு போக வேண்டும், அளந்து பார்க்க வேண்டும், "நேற்று போட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் வந்ததே இதற்குத்தான். மாத்திரை ஆஸ்பத்திரியில் எப்போதும் இருந்தது. வாங்க வருவதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தது, பஸ் செலவு இருந்தது. பெண் பணியாளர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போன பிறகுதான் எத்தனையோ பேர் விடாமல் சாப்பிடுகிறார்கள். ஒன்பது நாளில் ஊர் திரும்பும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது.

மருந்து நன்கொடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டு டாக்டர்களுக்குப் புரியும் மொழியில் லேபிள் இருக்க வேண்டும், போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் எப்போதோ வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஆனாலும் 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. பெரும்பாலான பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்றே உள்ளூர்க்காரர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள்.

ஷேலாவில் இருந்தவன்

வேலை நிமித்தம் இரண்டு வருடம் கெட்சால்தெனாங்கோவில் இருந்தேன். அங்குள்ளவர்களுக்கு அது ஷேலா. வீட்டுக்கார அம்மா கிச்சே என்ற மாயா பழங்குடி இனத்தவர். வெளிநாட்டு முகாம் வருகிறது என்று தெரிந்தால் விடிகாலை நான்கு மணிக்கே கிளம்பி வரிசையில் நிற்பார்.

ஒரு முறை நானும் கூடப் போனேன். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்பார். ஒரு பெண் அதை ஸ்பானிஷில் சொல்வார். வரிசையில் இருக்கும் யாரோ ஒருவருடைய மகள், பன்னிரண்டு வயது இருக்கும், அதைக் கிச்சேயில் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பி வரும். பாட்டி ஒருவர் இரண்டு நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். டாக்டர் காதுக்கு வந்து சேர்ந்தது "வயிறு வலிக்கிறதாம்" என்பது மட்டும். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்த பிறகு வீட்டுக்கார அம்மா சொன்னார், பாட்டி சொன்னது மகன் வடக்கே, அமெரிக்காவுக்கு, போய்த் தகவலே இல்லை, அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்பது. அந்த நாட்டில் மாயா மொழிகளே இருபதுக்கு மேல். ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்து வருகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். உள்ளூர் சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் இருந்தார், வருடம் முழுக்க. அவர் கொடுக்கும் அதே மாத்திரையை ஊர்க்காரர்கள் மதிப்பதில்லை, வெள்ளைக்காரர் கொடுத்தால்தான் கேட்கும் என்ற நம்பிக்கை. முகாம் வந்து போன பிறகு அவர் பாடு இன்னும் கஷ்டம்.

அதே மலையில் கியூபா டாக்டர்களையும் பார்த்தேன். 1998-ல் மிட்ச் புயல் அடித்தபோது வந்து, பிறகு மாறி மாறித் தொடர்ந்தவர்கள். ஒருவர் வந்தால் இரண்டு வருடம் அங்கேயே குடியிருப்பார். வெளியிலிருந்து வருவதென்றால் அப்படி வரட்டும்.

நிலவன்

கியூபா விஷயத்தில் ஒரு திருத்தம். அந்த டாக்டர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பல நாடுகளில் கியூப அரசே எடுத்துக்கொள்கிறது, பாஸ்போர்ட்டைக்கூட வாங்கி வைத்துக்கொண்டதாகப் புகார்கள் உண்டு. நோயாளிக்கு நல்லது நடந்தது என்பதற்காக டாக்டருக்கு நடந்ததை மறக்க வேண்டாம்.

கயல், நியூஜெர்சி

டாக்டர் சார், வெளிநோயாளிப் பிரிவு உண்டு. மாத்திரை முப்பது நாளைக்கு. சின்ன ஜிப் கவரில் போட்டு, மேலே சூரியன் படம் வரைந்து கொடுப்போம், காலையில் சாப்பிட வேண்டும் என்பதற்கு.

முதல் வருடம் பிரஷர் 190-க்கு மேல் இருந்த ஒருவருக்கு அப்படிக் கொடுத்தோம். இரண்டாவது வருடம் அவர் மறுபடி வந்தார். இடுப்புத் துணியின் மடிப்பிலிருந்து அதே கவரை எடுத்து நீட்டினார். காலி. கழுவி, நான்காக மடித்து வைத்திருந்தார். சூரியன் பாதி அழிந்திருந்தது. அதில் மறுபடி மாத்திரை போட்டுக் கொடுக்கச் சொன்னார். இடையில் பதினோரு மாதம். நான் நிரப்பிக் கொடுத்தேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். உங்கள் பதிவைப் படிக்கும்வரை அதை நான் நல்ல நினைவாகத்தான் வைத்திருந்தேன். நேற்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆனால் அறுவை சிகிச்சையில் நான் பின்வாங்க மாட்டேன். "அந்தக் காசை உள்ளூர் ஆஸ்பத்திரிக்கே கொடுக்கலாமே" என்று யாராவது சொல்வீர்கள் என்று தெரியும். கொடுக்கலாம். ஆனால் எங்கள் முப்பது பேரில் எத்தனை பேர் போகாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்கள்? நேரில் பார்த்ததால்தான் என் தங்கை வீட்டுக்காரர் உட்பட ஐந்தாறு பேர் வருடாவருடம் பணம் அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியக் கண் டாக்டர் பிரெட் ஹாலோஸும் வெளிநாட்டுக்காரர்தான். அவர் நேபாளத்துக்கும் எரித்ரியாவுக்கும் போகாமல் இருந்திருந்தால் நல்லதா?

மலையடிவாரம் (தேனி)

ஹாலோஸ் பெயரைச் சொன்னீர்களே, அதையே பிடித்துக்கொள்கிறேன். அவர் 1993-ல் இறந்தார். அவர் பெயரிலான அறக்கட்டளை நேபாளத்தின் காத்மாண்டுவிலும் எரித்ரியாவின் அஸ்மராவிலும், கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸுக்குத் தொழிற்சாலை அமைக்க உதவியது. காத்மாண்டுவில் அவருடைய நண்பர் டாக்டர் சந்துக் ருயித், நேபாளத்துக்காரர், திலகங்கா கண் மருத்துவமனையைக் கட்டி, ஆபரேஷனைத் தன் நாட்டு டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸ் விலையைக் கீழே இறக்கியதும் இதே வகை வேலை. ஒரு காலத்தில் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலேயே கண் ஆபரேஷன் நடந்தது. இன்று முகாமில் பரிசோதனை மட்டும், தேவைப்படுவோரைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். மறுநாள் கட்டுப் பிரிக்க அங்கே ஆள் இருக்கிறது.

கயல் அம்மா, அந்த விறகு சுமந்த அம்மாவுக்குப் பத்தாவது நாள் காய்ச்சல் வந்திருந்தால் யாரிடம் போயிருப்பார்? உங்கள் ஆபரேஷனில் அந்த ஊர் டாக்டர் ஒருவராவது பக்கத்தில் நின்றாரா? "நின்றார்" என்றால் நான் இந்த விவாதத்தை விட்டுவிடுகிறேன்.

கயல், நியூஜெர்சி

இரண்டாவது வருடம் உள்ளூர் பெண் டாக்டர் ஒருவர் மூன்று நாள் எங்களோடு நின்றார். நான்காம் நாள் அவருக்கு வேறு ஊரில் டூட்டி. அந்த அம்மாவின் ஆபரேஷன் ஐந்தாம் நாள். அப்போது அவர் இல்லை. குறிப்புகளை ஸ்பானிஷில் எழுதி ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வந்தோம். யார் படித்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

இன்று காலை அந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அந்த அம்மா ஆறு வாரத்தில் தையல் சரியாக ஆறி நடமாடுகிறாராம், அதற்குள்ளேயே விறகு எடுக்கப் போய்விட்டாராம், வீட்டில் வேறு ஆள் இல்லை. கவர்க்காரரைப் பற்றிக் கேட்டேன். பெயர் தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று திருப்பிக் கேட்டார். எங்கள் பதிவேட்டைத் தேடினேன். வெளிநோயாளிப் பிரிவில் நாங்கள் பெயர் எழுதவில்லை, வரிசை எண் மட்டும்தான்: 64.

பிப்ரவரிக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டேன். ஆபரேஷனுக்கு வாருங்கள், ஆனால் தன் டூட்டி அட்டவணை போடுவதற்கு முன்பே தேதியைச் சொல்லுங்கள் என்கிறார். மாத்திரை வேண்டாமாம். அங்குள்ள மாயா மொழியான கக்சிகேல் பேசத் தெரிந்த இரண்டு உள்ளூர்ப் பெண்களுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார், வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்க. சனிக்கிழமை குழுக் கூட்டம் இருக்கிறது. அவருடைய செய்தியை அப்படியே வாசிக்கப்போகிறேன்.

நிலவன்

வாசியுங்கள் அக்கா. முதல் வருடச் சம்பளத்தில் ஒருவருடையதை நான் தருகிறேன். இந்த வருடம் உங்கள் குழுவில் மாணவர்கள் வருகிறார்களா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வெளிநோயாளிப் பிரிவில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.