சீஸ் மெக்சிகோக்காரர்களின் சாப்பாடு இல்லையா?

வட்டக்கானல் அடுப்பங்கரை:
வணக்கம். வட்டக்கானலில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ரொட்டிக்குள் சீஸ் வைத்து மடித்துச் சுடும் மெக்சிகோ பலகாரமான கேசடியாவும் போடுகிறேன். போன வாரம் வந்த ஒருவர், "மெக்சிகோவில் ஆதியில் சீஸே கிடையாது, இது அவர்கள் சாப்பாடே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. அது உண்மையா? பனீர் வைத்துச் செய்தால் தப்பா?

தாண்டிக்குடி அக்கா:
தம்பி, அவர் சொன்னதில் முதல் பாதி சரி. 1519இல் கோர்த்தேஸின் ஸ்பெயின் படை வந்து இறங்கும்வரை அங்கே பால் கறக்க மாடும் இல்லை, ஆடும் இல்லை. வீட்டில் முக்கியமாக வளர்த்தது வான்கோழியும் நாயும்தான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தட்டிச் சுட்ட டார்ட்டியா என்ற ரொட்டி, தொட்டுக்கொள்ள பீன்ஸ், பூசணி, மிளகாய், தக்காளி. சீஸ் வந்தபோது இதையெல்லாம் அவர்கள் தூக்கிப் போடவில்லை. அதே டார்ட்டியாவுக்குள் அதையும் வைத்து மடித்துக்கொண்டார்கள். இன்றும் மெக்சிகோ நகரத்தில் கேசடியா கேட்டால் பூசணிப்பூவோ காளானோ மட்டும் வைத்துத் தருவார்கள். சீஸ் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.

நான் கோடைக்கானலில் சீஸ் செய்யும் இடத்தில் 9 வருடம் வேலை பார்த்தவள். மொஸரெல்லாவுக்காகத் திரிந்த பால்கட்டியைச் சுடுநீரில் போட்டு இழுப்போம், உள்ளங்கை சிவந்துவிடும். மெக்சிகோவின் வஹாகா மாநிலத்திலும் அப்படித்தான் இழுத்து, நாடாவாக்கி, நூல்கண்டு போலச் சுற்றி வைக்கிறார்கள். கேசியோ என்று பெயர். அதைப் படத்தில் பார்த்த அன்று என் கையே அங்கே இருப்பது போலிருந்தது. மிச்சோகான் மாநிலத்துக் கொத்தீஹா சீஸ் வேறு ரகம். உப்புத் தூக்கலாகக் காய்ந்து கிடக்கும், உருகாது, உதிர்த்துத் தூவ வேண்டும். சிவாவா மாநிலத்துச் சீஸைச் செய்யத் தொடங்கியவர்கள் 1922இல் கனடாவிலிருந்து போய்க் குடியேறிய மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்கள். நூறு வருடம்தான் ஆகிறது, அதற்குள் அதுவும் மெக்சிகோ சீஸ்தான்.

பனீர் தப்பே இல்லை. அவர்களுடைய கேசோ ஃப்ரெஸ்கோ என்ற புது சீஸ் பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் எலுமிச்சை பிழியாமல் ரென்னெட் என்ற நொதியை விட்டு உறையவைப்பார்கள். பனீரை உப்பு நீரில் ஊறவைத்து உதிர்த்துப் போடுங்கள். இழுபட வேண்டுமானால் மொஸரெல்லா.

பண்ணைக்காடு பந்தல்:
அக்கா, எங்கள் பந்தலில் காய்க்கும் மேரக்காயும் (சௌசௌ), காபிக்கு நடுவே நிற்கும் பட்டர் புரூட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதானே. பெரிய அப்பத்தா மேரக்காய்க் கூட்டு வைத்தபோது யாரும் அதை வெளிநாட்டுச் சாப்பாடு என்று தள்ளவில்லை.

வட்டக்கானல் அடுப்பங்கரை:
ரொம்ப நன்றி அக்கா. அப்படியானால் முதலில் பூசணிப்பூவை வைத்துச் செய்து பார்க்கிறேன். பந்தல் அண்ணே, உங்களிடம் பூ கிடைக்குமா?

பண்ணைக்காடு பந்தல்:
இருக்கு தம்பி. ஆண் பூவாகப் பார்த்துப் பறித்தால் காய்க்குக் கேடில்லை. வெயில் ஏறினால் வாடிவிடும், விடியற்காலை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.