ரெயின்கோட் அணிந்து ஓடினால் தொப்பை கரையுமா?

பாளை நடையன்:
வ.உ.சி. மைதானத்துப் பக்கம் காலையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைகிறது. எடைப்பொறியில் ஏறிப் பார்த்துத்தான் சொல்கிறேன். வயிற்றில் பாலிதீன் சுற்றிக்கொண்டால் தொப்பை தனியாகக் கரையும். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. அவ்வளவுதான்.

ஆற்றங்கரை:
அண்ணாச்சி, குறைந்தது தண்ணீர். இரண்டு செம்பு குடித்துவிட்டு அதே பொறியில் ஏறுங்கள், தெரியும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடினால் 600 கலோரி செலவாகலாம். மீதி 7,100 எங்கே போயிற்று? பாலிதீனுக்குள் வியர்வை ஆவியாகாது. சித்திரை வெயிலில் உடல் சூடேறி மயங்கி விழுவீர்கள். கொழுப்பு எந்த இடத்தில் குறைய வேண்டும் என்பதை உடல்தான் தீர்மானிக்கும், பாலிதீன் அல்ல.

பாளை நடையன்:
சரி தம்பி, வியர்வையில் போகவில்லை என்றால் கொழுப்பு வேறு எந்த வழியாக வெளியேறுகிறது?

ஆற்றங்கரை:
பெரும்பகுதி மூச்சில். 2014-இல் ஆஸ்திரேலியர் இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக வெளியேறும், 1.6 கிலோ நீராகும்.

பாளை நடையன்:
நீரும் இருக்கிறதே! பிறகு என்ன? இல்லையென்றால் திண்ணையில் உட்கார்ந்து வேகமாக மூச்சு விட்டால் போதுமா?

ஆற்றங்கரை:
போதாது, தலைதான் சுற்றும். எரிந்ததை மட்டுமே மூச்சு வெளியேற்றும். எரிப்பதற்குத் தசை வேலை செய்ய வேண்டும், தட்டிலும் கொஞ்சம் குறைய வேண்டும். அந்த 1.6 கிலோவும் கொழுப்பு எரிந்தபின் உண்டாகும் நீர். ரெயின்கோட் பிழிந்தெடுப்பது நீங்கள் காலையில் குடித்த நீர்.

டவுன் அக்கா:
ரெயின்கோட்டை நீங்களே பேசி முடியுங்கள். சோற்றைக் குறை சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 100 கிராம் அரிசிக்கும் 100 கிராம் கோதுமை மாவுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோதுமை என்றாலே இளைக்கும் என்றால், நம் ஊர் அல்வாவும் கோதுமைப் பாலில் கிண்டியதுதானே அண்ணாச்சி? கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். மணத்துக்காகப் போடுங்கள், மருந்தென்று போடாதீர்கள்.

பாளை நடையன்:
அல்வாவை ஏன் இழுக்கிறீர்கள்? என் மைத்துனர் சோற்றை நிறுத்திய முதல் வாரமே மூன்று கிலோ குறைந்தார். வீடே பார்த்தது.

ஆற்றங்கரை:
குறைந்திருப்பார். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் காலியாவது அதுதான். கூடவே நீரும் போய்விடும். மறுபடி சோறு சாப்பிட்டால் இரண்டும் திரும்பிவிடும்.

டவுன் அக்கா:
மைத்துனர் இப்போது எத்தனை கிலோ?

பாளை நடையன்:
ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டையெல்லாம் எடைக்கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.