நூல் பந்து காயவே மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

வணக்கமுங்க. பலூன் மேல பசையில முக்குன நூலைச் சுத்தி, காஞ்சதும் பலூனை உடைச்சு உருவினா கூடு மாதிரி நிக்குமே, அந்த நூல் பந்து செஞ்சுட்டு இருக்கேன். அடுத்த மாசம் சேலம் அம்மாபேட்டையில அக்காவுக்கு வளைகாப்பு. உள்ள சீரியல் பல்பு விட்டுத் தொங்கவிடணும்.

நாங்க இருக்கறது ஏற்காடு. இப்ப பகல்லயே மூடுபனி சன்னல் வழியா உள்ள வருது. வெள்ளைப் பசையில இருக்கற தண்ணி ஆவியானாத்தான் இறுகும். இங்க மறுநாளும் விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது. அதுக்குள்ள ராத்திரிக் குளிர்ல பலூன் சுருங்கி, ஈர நூல் ஒரு பக்கமா குழி விழுந்துடுது. ஹேர் டிரையர் காட்டினா காத்து விரிஞ்சு படார்!

பலூன் மேல தேங்காய் எண்ணெய் தடவச் சொல்றாங்க. எண்ணெய் பட்டா ரப்பர் நைஞ்சுடுமே, வேற என்ன தடவலாம்?

அம்மா ஜவ்வரிசிக் கஞ்சியில முக்குங்கறாங்க. சேலத்துக்காரங்க இல்லையா, எதுக்கும் ஜவ்வரிசிதான்! கஞ்சி போட்ட பருத்திப் புடவை மொடமொடன்னு நிக்கறதைப் பாத்தா நம்பலாம்னுதான் தோணுது. ஆனா இந்த ஈரத்துல பூஞ்சை பிடிக்குமே? பைண்டிங் பண்றவங்க மைதாப் பசையில மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், விசேஷ வீட்டுல குழந்தைங்க தொடுவாங்க, வேண்டாம்.

கஞ்சியும் வெள்ளைப் பசையும் கலந்து யாராச்சும் பண்ணியிருக்கீங்களா? என்ன அளவு? இல்ல, கீழ அக்கா வீட்டுலயே நிழல்ல காயவச்சுடட்டுமா? நூல் பருத்திதான்; உல்லன் தேவலைன்னா மாத்திக்கறேன்.