நெஞ்சில் இருப்பது யார்?

திருப்பூரிலிருந்து:

பிரிண்டிங் பட்டறையில் பதினோரு வருடம் இருந்தவன் நான். கறுப்புத் துணியில் வெள்ளை மை ஒரே இழுப்பில் எடுபடாது. ஒருமுறை இழுத்து, சூடு காட்டி, மறுபடியும் இழுக்க வேண்டும். அப்படி ஒரு மழைக்காலம் முழுக்க மேலே ‘ரன்’, கீழே ‘டிஎம்சி’, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு சிவப்புப் பட்டை என்று அடித்துத் தள்ளினோம். டிஎம்சி என்ற பெயரில் எம்பிராய்டரி நூல் வருகிறது அல்லவா, அதற்கான விளம்பரச் சட்டை என்றே நினைத்திருந்தேன். தொழில் புத்தி அந்தப் பக்கம்தான் போகும்.

கீழ்ப்பட்டை மூன்று மில்லிமீட்டர் விலகிப்போனதால் செக்கிங்கில் கழிந்த சட்டைகள் காதர்பேட்டைக்குப் போயின. நானே அடித்த சட்டையை நானே அங்கே பேரம் பேசி வாங்கினேன். விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள், விட்டுவிடுங்கள்.

அதைப் போட்டுக்கொண்டு கோவை ரயில் நிலையத்தில் நின்றபோது ஒரு கல்லூரிப் பையன் ஓடி வந்தான். “அண்ணா, நீங்களும் கேட்பீர்களா?” என்றான். “எதைத் தம்பி?” என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் நல்ல பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். டிஎம்சி என்பது டேரில் மெக்டேனியல்ஸ் என்ற மனிதரின் பெயராம். ‘ரன்-டிஎம்சி’ என்பது நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியின் ஹோலிஸ் என்ற பேட்டையைச் சேர்ந்த மூன்று பேர் ராப் இசைக்குழு. 1986இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மேடையிலிருந்து அவர்கள் கேட்டுக்கொள்ள, கூட்டத்தினர் தங்கள் அடிடாஸ் காலணிகளைக் கையில் தூக்கிப் பிடித்தார்களாம். நம் ஊர்க் கூட்டத்தில் செருப்பைத் தூக்கினால் அதற்கு அர்த்தமே வேறு.

நியூ ஜெர்சியிலிருந்து:

எனக்கும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. சாலையோரக் கடையில் வாங்கிய ‘பப்ளிக் எனிமி’ என்ற ராப் குழுவின் சட்டையோடு, நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியின் ஜமைக்கா சென்டர் போகும் ‘இ’ தட ரயிலில் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கிக் குறிவட்டத்துக்குள் தொப்பி வைத்த ஒரு நிழலுருவம், அதுதான் படம். எதிரே இருந்த கறுப்பினப் பெரியவர், “நெஞ்சில் இருப்பது யார் என்று தெரியுமா?” என்று கேட்டார். போலீஸ்காரர் என்றேன். தொப்பியைப் பார்த்து எல்லோரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்று தொடையில் தட்டிச் சிரித்தார். ராப் பாடகர் எல்எல் கூல் ஜேயின் கூட்டாளி ஈ லவ் என்பவரின் புகைப்படத்தை வெட்டி எடுத்து, குழுவின் சக் டி தானே செய்த படமாம் அது. அடெல்ஃபை பல்கலைக்கழகத்தில் வரைகலை படித்தவர் அவர். அமெரிக்காவில் கறுப்பின ஆணாகப் பிறந்தவன் எப்போதும் யாரோ ஒருவரின் குறிக்குள்தான் நிற்கிறான் என்று பெரியவர் சொன்னபோது சிரிப்பு போயிருந்தது. நான் சட்டையைக் குனிந்து பார்த்தேன். அதன் நடுப்புள்ளி என் மார்புக்கு நேராக இருந்தது.

பிறகு தன் இளமைக்குத் தாவினார். 1986இல் ஜமைக்கா கொலீசியம் மாலில் ‘ஷர்ட் கிங்ஸ்’ என்று ஒரு கடை வந்ததாம். ஏர்பிரஷ் என்ற மை தெளிக்கும் கருவியால் சட்டையில் கையாலேயே வரைந்து தருவார்கள். கார்ட்டூன் உருவங்களுக்குத் தங்கச் சங்கிலி மாட்டி, பக்கத்தில் வாங்குபவரின் பெயரையும் எழுதுவார்கள். இவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒன்று வாங்கியிருக்கிறார். அம்மா அதை வெந்நீரில் போட்டுவிட்டார். அதற்காக நான்கு நாள் பேசவில்லை என்று இன்னமும் கோபத்தோடு சொன்னார்.

சென்னையிலிருந்து:

உங்களிடம் கனிவாகக் கேட்டிருக்கிறார்கள். பெண் போட்டால் கேள்வி பரீட்சையாகிவிடும். வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவின் மஞ்சள் ‘டபிள்யூ’ போட்ட என் சட்டையைப் பார்த்து, அலுவலகத்தில் ஒருவர் “மூன்று பேர் பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றார். 1993இல் வந்த முதல் ஆல்பத்தின் ஒன்பது பேரையும், 2004இல் இறந்துபோன ஓல்டு டர்ட்டி பாஸ்டர்டு உட்பட, ஒப்பித்தேன். அந்தச் சின்னத்தை வரைந்தவர் டிஜே மேத்தமேட்டிக்ஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு அவரைச் சொல்லச் சொன்னேன். நான்கில் நின்றுவிட்டார். தேநீர் அவர் செலவு.

மீண்டும் திருப்பூரிலிருந்து:

பெயர் கேட்டால் இப்போது நானும் சொல்வேன், மூன்று பேர்தானே. சட்டை இன்னும் இருக்கிறது. கழுத்து தளர்ந்துவிட்டது, வெள்ளை எழுத்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அந்தச் சிவப்புப் பட்டை மட்டும் மூன்று மில்லிமீட்டர் தள்ளி அப்படியே நிற்கிறது.